கேட்டதற்கு மட்டும் பதில்

தம்பி,

எங்கள் வாசகர் வட்டம் வருடத்துக்கு ஒருமுறை போடும் மலருக்கு இந்தமுறை என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: ‘லண்டனில் தமிழ்ப் பிள்ளைகளை வளர்ப்பது எப்படி?’ அந்தத் தலைப்பில் எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி, அதை ஒரு தடவை பிழையாகச் செய்து முடித்திருக்கிறேன் என்பதுதான். ஆகவே கட்டுரையை விட்டுவிட்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். மகனுக்கு எழுதுவதை ஊர் படிக்கும் மலரில் ஏன் போடவேண்டும் என்று நீ நினைக்கலாம். நேரில் சொன்னால் "ஓம் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாய். மலரில் வந்தால், நீ வாசிக்காவிட்டாலும், கல்யாண மண்டபத்தில் உன்னை மறித்து "வாசிச்சனீரோ?" என்று கேட்க ஆட்கள் இருப்பார்கள்.

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். எனவே அச்சுக்குப் போகுமுன் ஒரு பிரதியை நிலானிக்கு அனுப்புகிறேன். அவதான் உனக்கு வாசித்துக் காட்டப்போகிறா. ஜெர்மனியில் பிறந்து, அங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிறகு பெற்றோருடன் வெம்பிளிக்குக் குடிவந்த பிள்ளை. பிளேஸ்டோவில் என் வீட்டில் வளர்ந்த உன்னைவிட அவவின் தமிழ் நல்லது. இதற்கு யார் பொறுப்பு என்பதையும் என் கணக்கிலேயே வைத்துக்கொள். அடுத்த மாதம் உங்களுக்குக் கல்யாணம். அது முடிந்து மூன்றாம் கிழமை, அவவுக்கு வேலை கிடைத்திருக்கும் ஹம்பேர்க்குக்கு இரண்டு பேரும் போகிறீர்கள். உன்னிடம் ஒன்பது வருடமாகக் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை விமான நிலையத்தில், பெட்டியின் நிறையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கேட்க முடியாது.

இரண்டு மாதத்துக்கு முன் நிலானி எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னா: "மாமா, இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு நாங்கள் குரோய்டனிலை கேம் விளையாடுறம். நீங்களும் வாங்கோ."

"நான் ஒரு பக்கமா இருந்து பாக்கிறன் பிள்ளை."

"பாக்கிறதுக்கு அதிலை ஒண்டுமில்லை மாமா. அஞ்சு பேர் மேசையைச் சுத்தி இருந்து கதைக்கிறதுதான். வந்தா விளையாடோணும்."

நீ உன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மா என்னைப் பார்த்தா. அந்த விளையாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக ஒருவரும் வாய் திறந்ததில்லை. நிலானிக்கு அது தெரியாது. நான் "ஓம், வாறன்" என்றேன். அம்மா கறிச்சட்டியை மேசையில் வைத்த சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

நான் இந்த நாட்டுக்கு வந்த பதினோராம் நாள், குரோய்டனில் குடிவரவுத் திணைக்களத்தின் அந்தப் பெரிய கட்டடத்தில் எனக்கு அகதி விண்ணப்ப இன்ரவியூ. அதற்கு முதல் நாள், என்னோடு அறையில் இருந்த அண்ணை ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். ஒரு சொல்லுக் கூடினாலும் அதுக்குள்ளையிருந்து பத்துக் கேள்வி வரும்" என்றார். நல்ல புத்திதான். நான் அதை அப்படியே செய்தேன். கேள்வி கேட்டவர் மரியாதையான மனிதர். மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார். எல்லாம் முடிந்து, கோப்பை மூடுவதற்கு முன், அவர் தலையை நிமிர்த்திக் கேட்டார்: வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. "இல்லை" என்றேன். என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இதுவரை உன் அம்மாவுக்கும் சொன்னதில்லை.

ஓர் ஆபத்தில் உதவிய புத்தியை மனிதன் ஆபத்து முடிந்தபிறகும் கழற்றி வைப்பதில்லை. உனக்கு ஏழு வயதானபோது, பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் வீட்டு விதிகளை எழுதி, குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினேன். முதலாவது: கேட்டதற்கு மட்டும் பதில். இரண்டாவது: பொய் சொல்லக்கூடாது. பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும், வீட்டுக்குள் தமிழ், அப்பாவுக்கு வரும் கவர்களைத் தொடக்கூடாது, கதவைத் தட்டுபவருக்கு அப்பா வேலைக்குப் போய்விட்டார் என்று மட்டும் சொல்லவேண்டும், படிப்பு முடியும்வரை படிப்பு. மொத்தம் ஏழு. கடைசி விதியின் கீழே அம்மா பென்சிலால் ஒன்று சேர்த்தா: பசித்தால் சொல்லு. அதற்கு நான் இலக்கம் போடவில்லை. பேனையால் எழுதாதது விதியில்லை என்பது என் கொள்கை. எட்டில் அது ஒன்றுதான் உன்னைப் பற்றி வாய் திறக்கச் சொன்னது என்பது அப்போது என் கண்ணில் படவில்லை. "இஞ்சருங்கோ, நீங்கள் பிள்ளை வளர்க்கேல்லை, இன்ரவியூ எடுக்கிறியள்" என்று அம்மா அடிக்கடி சொல்லுவா. அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நீ அந்த விதிகளை ஒன்றும் பிசகாமல் பின்பற்றினாய். அதுதான் நடந்த அநியாயம். மருந்தாளர் படிப்பின் இரண்டாம் வருடத்தில் நீ எட்டு மாதம் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. ஆனால் காலையில் பையைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிடுவாய். "எத்தினைக்கு வெளிக்கிடுறாய்?" என்று கேட்பேன். "எட்டுக்கு." "எத்தினைக்கு வருவாய்?" "ஆறுக்கு." "பாக்கிலை புத்தகம் இருக்கோ?" "இருக்கு அப்பா." எல்லாம் உண்மை. புத்தகம் இருந்ததுதான்; அது உன் விளையாட்டின் விதிப்புத்தகம் என்பது நான் கேட்காத கேள்விக்கான பதில். நேரம், தூரம், பொருள் எல்லாம் கேட்டேன். "உனக்கு என்னடா நடக்குது?" என்று கேட்கவில்லை. ஆறு மணிக்கு வந்ததும் "அம்மா, பசிக்குது" என்பாய். அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போடுவா. இலக்கம் இல்லாத அந்த விதி மட்டும்தான் அந்த எட்டு மாதமும் உன்னைத் தாங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து உன் பெயருக்கு ஒரு கவர் வந்தது. அதை நான் உடைத்தேன். என் கவர்களை நீ தொடக்கூடாது என்றுதான் விதி; உன் கவர்களை நான் தொடக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அன்று ஆறு மணிக்கு நீ உள்ளே வந்தபோது கடிதத்தை உன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"எட்டு மாசம்! ஏன்டா சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை அப்பா."

அதை நான் திமிர் என்று எடுத்தேன். அது திமிர் இல்லை, விளக்கம். எவ்வளவு துல்லியமான விளக்கம் என்று எனக்கு விளங்க ஒன்பது வருடம் எடுத்தது. அன்று எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. உன்னைக் குற்றவாளியாக்க மனம் வரவில்லை. என்னை ஆக்கும் எண்ணம் தோன்றவேயில்லை. எனவே விளையாட்டைப் பிடித்தேன். உன் அறையில் இருந்த விதிப்புத்தகம், மூலைக்கு மூலை எண் போட்ட அந்தப் பகடைகள், நீ எழுதி வைத்திருந்த நான்கு கொப்பிகள், எல்லாவற்றையும் கறுத்தப் பையில் கட்டி வெளியே வைத்தேன். செவ்வாய்க்கிழமை குப்பை லொறி வந்து எடுத்துக்கொண்டு போனது. நீ யன்னலில் நின்று பார்த்தாய். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகியவன் நீ. அன்று உன்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வேறு படிப்புப் படித்தாய், நல்ல வேலையில் இருக்கிறாய், ஞாயிறுகளில் வந்து சாப்பிடுகிறாய். சபையில் சொல்ல ஒரு குறையும் இல்லை. "எப்பிடி மகன்?" என்று கேட்பவர்களுக்கு "நல்லா இருக்கிறார்" என்று சொல்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

நிலானி கூப்பிட்டபின் நான் அந்த விதிப்புத்தகத்தை வாங்கி, வேலைக்குப் போகும் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து முழுவதும் வாசித்தேன். விளையாட வருபவர்கள் அதை முழுவதும் வாசிப்பதில்லை என்று பிறகு அறிந்தேன். ஆனால் கவுன்சில் ஒன்றில் வாகன அபராதங்களுக்கு எதிராகச் சனங்கள் அனுப்பும் முறையீடுகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. மனைவிக்குப் பிரசவ வலி, நாய்க்கு நெஞ்சுவலி, அறிவிப்புப் பலகையை மரக்கிளை மறைத்தது என்று வரும் மனிதக் காரணங்கள் எல்லாவற்றுக்கும் விதியின் பந்தி எண்ணைப் போட்டு இருபது வருடமாகப் பதில் எழுதுபவன் ஒரு விதிப்புத்தகத்தைப் பாதியில் வைக்க முடியாது.

விளையாட்டைத் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். ஒவ்வொருவரிடமும் தன் பாத்திரத்தால் என்னென்ன முடியும் என்று எழுதிய தாள் ஒன்று இருக்கும். இவ்வளவுதான். இதற்குப் புத்தகம் முந்நூறு பக்கம். அதில் ஏறக்குறைய பாதி சண்டை: வாள் எவ்வளவு வெட்டும், ஈட்டி எவ்வளவு தூரம் போகும், விழுந்தவன் எழும்ப எவ்வளவு நேரம். அந்நியர் ஒருவரோடு எப்படிக் கதைப்பது என்பதற்கு அரைப் பக்கம். வருத்தப்படுவதற்கு ஒரு வரியும் இல்லை. எனவே பத்து நாள் வாசித்தபின் நான் தெளிவாக எதிர்பார்த்தது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை என்னை யாரோ அடிக்கப்போகிறார்கள். அதற்கேற்ப ஒரு வாள்வீரனைத் தயார் செய்தேன். பாத்திரத் தாளைக் கறுத்த மையில், பெரிய எழுத்தில், கட்டத்துக்கு வெளியே போகாமல் நிரப்பினேன். பெயர் என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் என் முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதியிருந்தேன்.

நீ வாடகைக்கு இருக்கும் வீடு குரோய்டனில் எட்டாம் மாடி. யன்னலால் பார்த்தால் டிராம் தெரியும், கொஞ்சம் எட்டிப் பார்த்தால் என் இன்ரவியூ நடந்த கட்டடமும் தெரியும். நீ அங்கே குடிபோனபிறகு நான் வந்தது அதுதான் முதல் தடவை. வராததற்கு முழங்கால் வலி, சிக்னல் பழுது என்று பல காரணங்கள் சொல்லியிருந்தேன். இப்படியான காரணங்களை வேலையிடத்தில் நான் ஏற்பதில்லை.

நிலானி கதை நடத்தினா. நீ ஒரு கள்ளன், உன் சிநேகிதர் இரண்டு பேரில் ஒருவர் மந்திரவாதி, மற்றவர் வைத்தியர். எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினீர்கள். எனக்கு மட்டும் நிலானி தமிழில் சொன்னா. நாங்கள் நெடுந்தூரம் நடந்து, மதில் சூழ்ந்த நகரம் ஒன்றின் வாசலுக்கு வந்திருக்கிறோமாம். வாசலில் ஒரு காவல்காரன் நிற்கிறானாம். ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டுத்தான் விடுவானாம். நீங்கள் மூன்று பேரும் முந்தின கிழமையே உள்ளே போய்விட்டீர்கள். இன்று என் முறை.

நான் தாளைப் பார்த்தேன். வாள் இருந்தது, கேடயம் இருந்தது. பேச்சு என்ற கட்டத்தில் பூச்சியத்துக்கும் கீழே ஓர் எண் இருந்தது. "பிள்ளை, என்ர ஆளாலை இது ஏலாது. தாளிலை இல்லை" என்றேன்.

"தாளைப் பாக்காதேங்கோ மாமா. காவல்காரனைப் பாருங்கோ." நிலானி குரலைத் தடிப்பாக்கினா. "ஆர் நீர்?"

"வாள்வீரன்."

"எங்கையிருந்து வாறீர்?"

"தெற்கிலையிருந்து."

"எத்தினை நாள் நடந்தனீர்?"

"பதினொண்டு." அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

"என்னத்துக்கு வந்தனீர்?"

"உள்ளுக்குப் போக."

நீ மொழிபெயர்த்தாய், மந்திரவாதி விழுந்து விழுந்து சிரித்தான். நிலானி சிரிக்கவில்லை. காவல்காரனாகவே இருந்து, கொஞ்சம் குனிந்து கேட்டா: "வேறை ஏதும் சொல்ல இருக்கோ?"

"இல்லை."

அவ காத்திருந்தா. நானும் காத்திருந்தேன். அப்போது மேசையின் மற்றப் பக்கத்திலிருந்து நீ சிரித்துக்கொண்டு சிநேகிதருக்கு ஆங்கிலத்தில் சொன்னாய்: "அது எங்கட வீட்டு முதலாம் ரூல்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "காவல்காரன் கதவைத் திறக்கேல்லை" என்றா நிலானி. என் தாளில் மிச்சமிருந்த ஒரே வழி வாள்தான். "அப்ப நான் வாளை எடுக்கிறன்" என்றேன். "அங்கிள், வேண்டாம்!" என்று வைத்தியர் கத்த, பகடையை உருட்டினேன். இரண்டு விழுந்தது. வாள் கை நழுவி அகழிக்குள் போனது. அதோடு உன் சிநேகிதர்களுக்கு வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. "பரவாயில்லை மாமா. அடுத்தமுறை வரைக்கும் காவல்காரன் அதிலைதான் நிப்பான்" என்று நிலானி தாள்களை அடுக்கத் தொடங்கினா.

நான் விடவில்லை. நான் யார் என்று உனக்குத் தெரியும். "பிள்ளை, கேட்ட எல்லாத்துக்கும் உண்மைதானே சொன்னனான். எந்த விதியிலை கதவு திறக்கேல்லை? எங்கை எழுதியிருக்கு? புத்தகம் முழுக்க வாசிச்சனான், அப்பிடி ஒண்டும் இல்லை."

"இது புத்தகத்திலை இல்லை மாமா. இது எங்கட விதி" என்று நிலானி தன் முன்னால் மறைப்பாக வைத்திருந்த மட்டையைத் திருப்பி ஒரு பக்கத்தைக் காட்டினா. உன் கையெழுத்து. ஆங்கிலத்தில் இரண்டு வரி. தமிழில் இப்படி வரும்: வாசலில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவருக்குக் கதவு திறக்காது. கேட்காத ஒன்றைச் சொல்பவர் யாராக இருந்தாலும், அது எதுவாக இருந்தாலும், திறக்கும்.

"இது உங்கட மகன்ர நகரம் மாமா. உங்களுக்குத் தெரியாதே? கம்பஸிலை படிக்கிற காலத்திலை எழுதினவராம். நாலு கொப்பி. ரயிலிலை துலைஞ்சு போச்சாம். பிறகு ஞாபகத்திலையிருந்து எனக்குத் திருப்பி எழுதித் தந்தவர். பாதிகூட வரேல்லையாம், பாவம்."

நீ குசினியில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றாய். முதுகுதான் தெரிந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கோப்பை கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

நிலானி, இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தவேண்டாம். கொப்பிகள் ரயிலில் தொலையவில்லை. நான்தான் எறிந்தேன். உமக்கு உண்மை சொல்லாமல் விட்டதற்காக அவனைக் கோவியாதேயும். அவன் சின்ன வயதிலிருந்து ஏழு விதிகளையும் காப்பாற்றியவன். எனக்குத் தெரிய அவன் இரண்டாம் விதியை மீறியது அந்த ஒரு தடவைதான். அதுவும், நீர் என்னை முதன்முதலாகப் பார்க்கும்போது ஒரு நல்ல மனிதராகப் பார்க்கவேண்டும் என்பதற்காக. அதை உமக்கு என் வாயால் சொல்லத் துணிவு வரவில்லை. அதனால் உம்முடைய வாயாலேயே வாசிக்க வைக்கிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான். மன்னித்துக்கொள்ளும்.

தம்பி, நீ என்னை டிராம் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டாய். வழியில் நான் சும்மா வரமுடியாமல் அந்தப் புத்தகத்தைக் குறை சொன்னேன்: முந்நூறு பக்கம் எழுதியும் மிச்சம் விட்டிருக்கிறார்கள், இன்னும் விதி எழுதியிருக்கவேண்டும். நீ வழக்கத்துக்கு மாறாக ஒரு கேள்விக்கும் காத்திருக்காமல் பேசினாய்.

"எழுதினாப் பிரச்சினை கூடும் அப்பா. மதில் ஏறுறதுக்கு ஒரு திறமை எண்டு தாளிலை எழுதிப் பாருங்கோ. அது இல்லாதவன் பிறகு மதிலையே பாக்கமாட்டான். எழுத முதல் எல்லாரும் ஏறிக்கொண்டுதான் இருந்தவை."

"அப்ப விதியே வேண்டாமோ?"

"வேணும். ஆனா புத்தகம் எதைப் பற்றிக் கனக்க எழுதியிருக்கோ, அதைத்தான் சனம் செய்ய வரும். நீங்கள் வாளோட வந்தனீங்கள்தானே. ஒரு பக்கம்கூட எழுதாத விஷயத்தை அந்த விளையாட்டிலை செய்யலாம் எண்டே ஒருத்தருக்கும் வராது. தடுத்து வைச்சது எண்டில்லை. ஞாபகமே வராது."

நீ விளையாட்டைப் பற்றித்தான் பேசினாய் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது. "அப்ப ஏன் அண்டைக்கு நீ எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். எந்த அன்று என்று நீ கேட்கவில்லை. "அது எந்த ரூல்ல இருந்தது அப்பா?" என்றாய். கோபமில்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துக் கிடைக்காதவன் கேட்பதுபோலக் கேட்டாய். அதற்குள் டிராம் வந்துவிட்டது. ஒரு தகப்பன் சொல்லக்கூடிய எத்தனையோ இருக்க, நான் சொன்னது: "சரி, குளிருது, நீ போ." டிராமுக்குள் ஏறி, கண்ணாடியால் கை காட்டினேன். நீ அந்த டிராம் திரும்பும்வரை நின்றாய்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியை எறிந்ததற்கு அவ அன்றே என்னோடு சண்டை பிடித்தவ. நீ அவற்றைத் திருப்பி எழுதினாய் என்பது அவவுக்கும் புதிது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாதிதான் வந்ததாமோ? மிச்சம் என்னவாம்?" என்று கேட்டா. நான் கேட்கவில்லை என்றேன். "இப்பவுமோ?" என்றா. நான் எழும்பிப் போய்க் குசினி அலுமாரிக் கதவைத் திறந்தேன். தாள் மஞ்சளாகிப்போய் இன்னும் இருக்கிறது. என் பேனை எழுத்து அரைவாசி மங்கிவிட்டது. அம்மாவின் பென்சில் அப்படியே தெளிவாக இருக்கிறது.

எனவே நான் உனக்குத் தர இருந்த புத்திமதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கும் ஒருநாள் பிள்ளை பிறந்து, நீயும் ஒரு தாளை எடுத்து அலுமாரியில் ஒட்ட நினைத்தால், ஒட்டு. நான் தடுக்கவில்லை, வீட்டுக்கு விதி வேண்டும். ஆனால் ஒட்டியபின் ஒரு தடவை தள்ளி நின்று, இந்த வீட்டுக்குப் புதிதாக வந்த ஒருவன்போல வாசித்துப் பார். இதை வாசிக்கும் ஒருவன் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எதிர்பார்ப்பான் என்று கேள். என்னுடையதை நான் அப்படி வாசித்தேன். பொலிஸ் வரப்போகிறது என்று எதிர்பார்ப்பான். நான் உனக்காக எழுதிய தாள், எனக்கு நடந்ததற்கு எதிராக எழுதியது. உனக்கு வேறு விஷயங்கள் நடந்தன. அவற்றுக்கு என்னிடம் பக்கமே இருக்கவில்லை.

இப்போது அந்த இன்ரவியூ. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அவர் கேட்டபோது எனக்குச் சொல்ல இருந்தது பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. அதைச் சொல்லியிருந்தால் வழக்கு நிமிர்ந்திருக்கவும் மாட்டாது, கவிழ்ந்திருக்கவும் மாட்டாது. எனக்குச் சொல்ல இருந்தது இதுதான்: ஐயா, நான் வந்து பதினொரு நாள். இந்தப் பதினொரு நாளில் என்னோடு இவ்வளவு நேரம் முகம் பார்த்துக் கதைத்த ஆள் நீங்கள்தான். உங்களுக்கு வேறு வேலை இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். நான் சொல்லவில்லை. வெளியே வந்து, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்த வாங்கு ஒன்றில் வெகுநேரம் இருந்தேன். நீ அந்த எட்டு மாதமும் பகலெல்லாம் எங்கே, எந்த வாங்கில் இருந்தாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது எப்படி இருந்திருக்கும் என்று, உலகத்தில் எத்தனையோ தகப்பன்மாருக்குத் தெரியாவிட்டாலும், எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

வருகிற ஞாயிறு இரண்டு மணிக்கு வருகிறேன். காவல்காரனுக்கு இதைத்தான் சொல்லப்போகிறேன். நிலானி, நீர் முதலே வாசித்துவிட்டீர் என்பதற்காகக் கதவைச் சும்மா திறந்துவிடவேண்டாம், முறைப்படி கேளும். ஆனால் தம்பி, அதற்கு முன்னால் ஒரு மணிக்கே வந்து டிராம் நிறுத்தத்தில் நிற்பேன். நீ இறங்கி வா. ஒன்பது வருடம் பிந்திய கேள்வியை அங்கே கேட்பேன். இப்போதே எழுதிவிடுகிறேன், நீ யோசித்துக்கொண்டு வரலாம்: அந்த நான்கு கொப்பியிலும் என்ன இருந்தது? ஞாபகம் வராத பாதியையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நான் கேட்கத் தெரியாமல் விட்ட இடம் வந்தால் நிறுத்தாதே. கேட்காததையும் சொல்லு.

அப்பா